மூக்கு தூர்ந்த வருஷம்

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் பங்குனி ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் நடுவில் ஓடைமேட்டில் அறுபது பெண்களுக்கு மூக்கு தூர்ந்துபோனது. வலி கிடையாது, ரத்தம் கிடையாது. மூக்குத்தி தானாகக் கழன்று விழுந்தது, விழுந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் பிறந்த பிள்ளையின் மூக்குபோல வழவழவென்று இருந்தது. சிலருக்குக் காய்ச்சுகிற பாலில் விழுந்தது, சிலருக்குக் கோலமாவில். உப்பள முதலாளி தட்சணாமூர்த்தியின் சம்சாரம் விஜயலட்சுமிக்கு இட்லி மாவில் விழுந்து, மூன்றாம் நாள்தான் கிடைத்தது. எங்கே கிடைத்தது என்று எழுதுவது மரியாதை இல்லை. அன்றைக்கு மரக்காணத்தில் தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய். ஊரில் மூக்கு குத்தி நிலைத்த பெண்கள் மொத்தம் அறுபத்தொரு பேர். தூராமல் தப்பியது ஒரே ஒரு மூக்கு. அது பாக்கியலட்சுமியுடையது. ஊரைக் கேட்டிருந்தால் அவளைக் கடைசியாகத்தான் சொல்லியிருக்கும்.

ஏன் தூர்ந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஊத்தேரியில் மீன் செத்திருக்கும், வேறென்ன. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, ஓடைமேட்டை ஒட்டிக் கிடக்கிறது அந்த ஏரி. சாலைக்குக் கிழக்கே உப்பளம், அதற்கும் கிழக்கே கடல். இத்தனை உப்புக்குப் பக்கத்தில் இருந்தும் அடியில் ஊற்று இருந்ததால் ஏரித் தண்ணீர் இளநீராக இருந்தது. அதில் ஒரு மீன் உண்டு, மூக்குத்திக் கெண்டை. விரல் நீளம், வெள்ளி நிறம், மூக்கின் வலது பக்கத்தில் கடுகளவுக்கு ஒரு பொன்புள்ளி. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தவர்கள் உண்டு, ஒரே வாரத்தில் புள்ளி அழிந்து மீனும் மிதந்தது. ஓடைமேட்டில் பெண்பிள்ளைக்கு ஏழு வயசானால் தை மாசத்தில் ஏரியில் முழங்கால் தண்ணீரில் நிற்கவைத்துத்தான் பத்தர் மூக்கு குத்துவார். ஒரு சொட்டு ரத்தம் தண்ணீரில் விழும். அந்த வாரம் ஒரு குஞ்சுக்குப் பொன்புள்ளி வரும். மூக்குக்கு ஒரு மீன், மீனுக்கு ஒரு மூக்கு. கட்டிக்கொண்டு வந்த மருமகள்களுக்கு ஏரித் தண்ணீர் குடித்த மூன்றாம் மாசம் கணக்கு நேராகிவிடும். ஆண் மீனுக்குப் புள்ளி கிடையாது, அதனால் அதை யாரும் எண்ணியதும் கிடையாது. இந்த மீனை ஊரில் யாரும் தின்னவில்லை. தன் மூக்கைத் தானே வறுத்துத் தின்ன யாருக்குத்தான் மனசு வரும்.

மற்றபடி அந்த மீனுக்குச் செய்ய வேண்டிய கெடுதல் எல்லாம் முறையாகச் செய்யப்பட்டன. 2009-இல் ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்தவன் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சைக் கொண்டுவந்து கொட்டினான். அது இரண்டே வருஷத்தில் ஏரி முழுக்கப் பெருகி, மூக்குத்திக் கெண்டையின் முட்டையைத் தேடித்தேடித் தின்றது. அதற்குப் பிறகு மூக்கு குத்திய சிறுபிள்ளைகளுக்கு ஓட்டை நிற்கவில்லை, ஒரு வாரத்தில் மூடிக்கொண்டது. ஊர் பத்தரைத் திட்டியது. பத்தர் ஊசியை மாற்றினார், பிறகு ஊரை மாற்றிக்கொண்டு போய்விட்டார். 2015-இல் தென்கரையில் மனை போட்டுக் கொடி நட்டார்கள். 2018-இல் வடகரையில் அப்பாவு இறால் பண்ணை வைத்தான். அப்பாவு கெட்டவன் என்று சொல்ல முடியாது, சாப்பாட்டுக்காகவே சம்பாதிக்கிற ஆள், அவ்வளவுதான். காலையில் இட்லிக்கே இறால் தொக்கு கேட்பான். பண்ணைக்கு உப்புத் தண்ணீர் வேண்டும் என்று உப்பங்கழியிலிருந்து ஒரு கால்வாய் வெட்டினான். வெட்டிய வாய்க்கால் ஏரிக்கரையின் வடக்கு மூலையில் போய் முட்டி நின்றது. பங்குனி எட்டாம் தேதி கழியில் தண்ணீர் ஏறி, கரையை அரித்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லியாயிற்று.

பாக்கியலட்சுமி தட்சணாமூர்த்தியின் உப்பளத்தில் பதினாலாம் பாத்தியில் உப்பு வாருகிறவள். வயசு நாற்பத்து நாலு. புருஷன் கலியன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். புருஷன் செத்த பெண் மூக்குத்தியைக் கழற்றி ஏரியில் போட்டுவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். பதினாறாம் நாள் பெண்கள் எல்லாரும் கூடி வந்து கேட்டார்கள். மூக்கு தன்னோடது, குத்தும்போது வலித்தது தனக்கு, கலியன் அப்போது எந்த ஊரில் கோலி ஆடிக்கொண்டிருந்தானோ, அவன் செத்ததற்கு இது என்ன பண்ணும் என்று கேட்டுவிட்டு அவள் மூக்குத்தியோடேயே வேலைக்குப் போய்விட்டாள். அன்றையிலிருந்து ஊரில் எது நடந்தாலும் பழி அவள் மூக்கின் மேல் விழுந்தது. மழை பெய்யவில்லையா, அவள் மூக்குத்தி. பஸ் நிற்காமல் போனதா, அவள் மூக்குத்தி. அவளும் சளைக்கவில்லை, திட்டுகிறவள் வீட்டு வாசல் வழியாகத்தான் தினமும் இரண்டு முறை போய் வந்தாள்.

மூக்கு தூர்ந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்றைக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது, தூர்ந்த அறுபது பேருக்கும் உப்புச் சுவை போய்விட்டிருந்தது. புளிப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது, உப்பு மட்டும் தெரியவில்லை. சுற்றிலும் மலைமலையாக உப்பைக் குவித்துவைத்திருக்கிற ஊரில் ஒருத்தி கையாலும் ஒரு குழம்புக்குச் சரியாக உப்பு போட முடியவில்லை. முதலில் புருஷன்மாரைத்தான் கேட்டுப் பார்த்தார்கள். இருபது வருஷமாக எதைப் போட்டாலும் "நல்லா இருக்குது" என்று சொல்லிப் பழகிய நாக்குகள், கடல் தண்ணீரை ஊற்றினாலும் நல்லா இருக்குது என்றுதான் சொல்லின. பிள்ளைகளைக் கேட்டால் எதற்கும் காரம் என்றார்கள். ஒரே மாசத்தில் ஓடைமேட்டு ஆண்களுக்கு ரத்த அழுத்தம் ஏறி, ஆஸ்பத்திரி நர்ஸ் மாத்திரையைப் பையில் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனாள். சித்திரை பிறந்த மூன்றாம் நாள் விஜயலட்சுமிதான் முதலில் மானத்தை விட்டாள். ஒரு கரண்டி சாம்பாரை எடுத்துக்கொண்டு காலையில் பாக்கியலட்சுமியின் வாசலில் போய் நின்றாள். பாக்கியலட்சுமி உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, இன்னும் அரைக் கரண்டி போடலாம் என்றாள். மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் அறுபது கரண்டியும் வரிசையில் நின்றன. பழைய கதையை யாரும் பேசவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஆனால் முன்பு அதிகமாகத் திட்டியவளின் கரண்டியை அவள் கடைசியாகத்தான் வாங்கினாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அவளுடைய மீன் மட்டும் எப்படித் தப்பியது என்றால், அது நடந்து போய்விட்டது. பங்குனி ஒன்பதாம் தேதி விடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை திறந்தவர் பார்த்திருக்கிறார். ஏரிப்பக்கமிருந்து விரல் நீளத்துக்கு ஒரு மீன், ஈரமாக, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் வந்து நின்றது. சென்னைப் பக்கம் போகிற இரண்டு லாரிகள் போகும்வரை பொறுத்திருந்தது. பிறகு நிதானமாகக் கடந்து உப்பள வரப்பில் ஏறிப் போய்விட்டது. நிறைய பேர் அந்த இடத்தில் பார்க்காமல் ஓடி அடிபட்டிருக்கிறார்கள் என்பதால் அந்த மீனின் பொறுப்பைப் பற்றி அவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கியலட்சுமி வேலைக்குப் போனபோது பதினாலாம் பாத்தியில் உப்பு பூக்கவில்லை. இரண்டு பக்கத்துப் பாத்தியும் வெள்ளையாகக் கிடக்க, அது மட்டும் கலங்காத தண்ணீராக நின்றது. ஒரு கொக்கு அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு கை அள்ளிக் குடித்தாள், நல்ல தண்ணி. அடியில் கடுகளவுக்கு ஒரு பொன்புள்ளி மின்னியது. அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தட்சணாமூர்த்தி அப்பா காலத்திலிருந்து உப்பு விளைவிக்கிறவர். பாத்தியில் தண்ணீர் தித்திக்கிறது என்பது அவருக்குத் தன் வீட்டுக்குள் யாரோ வந்து படுத்திருக்கிற மாதிரி இருந்தது. நாற்பது மூட்டை உப்பைக் கொண்டுவந்து பதினாலாம் பாத்தியில் கொட்டச் சொன்னார். கொட்டிய உப்பு சாயங்காலத்துக்குள் காணாமல் போனது, தண்ணீர் முன்னைவிடத் தித்தித்தது, மீன் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. உப்பு தின்னவன் தண்ணி குடிப்பான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், தண்ணியிலேயே உட்கார்ந்துகொண்டு உப்பைத் தின்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் புலம்பினார். கடற்கரைக் குப்பத்திலிருந்து வலைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் மீனின் நீளத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வலையை வீசினார். வலையில் மீன் வரவில்லை. வலையிலிருந்த இருபது வருஷத்து உப்பும் கவிச்சியும் போய்ப் புதுசாகத் திரும்பி வந்தது, அவர் சந்தோஷமாகச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் முதலாளி பாக்கியலட்சுமியைக் கூப்பிட்டு, ஆடி முடிவதற்குள் பாத்தியில் மீன் இருக்கக் கூடாது, இருந்தால் நீ இருக்கக் கூடாது என்று தீர்மானமாகச் சொன்னார்.

அவள் உப்பு வாரும் பலகையை வரப்பில் சாத்திவிட்டுச் சொன்னாள்: "மொதலாளி, மீனு போச்சுன்னா என் மூக்கு போவும். மூக்கு போச்சுன்னா நாக்கு போவும். அப்புறம் ஒங்க வூட்டுக் கொழம்புக்கு உப்பு பாக்க பாண்டிச்சேரியிலேருந்தா ஆளு கூட்டியாருவீங்க?"

தட்சணாமூர்த்தி ஏற்கெனவே காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாக மாத்திரை போடுகிறவர். யோசித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆடி போய் ஆவணி வந்தது. மீனும் இருந்தது, அவளும் இருந்தாள், அவர் மட்டும் பதினாலாம் பாத்தியைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதற்கு நடுவில் நிவேதா வந்தாள். காலேஜில் மீன் படிப்பு படித்துவிட்டு, அருகிப்போன நன்னீர் மீன்களைக் கணக்கெடுக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்பே வந்து, வலை போடாமல் ஊர்ப் பெண்களின் மூக்கை எண்ணி அறுபத்தொன்று என்று எழுதிக்கொண்டு போனவள்தான். இப்போது வந்து எண்ணிவிட்டு, ஒன்று என்று எழுதினாள். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க மீனைப் பார்த்தாள். வயிறு பருத்திருக்கிறது, முட்டை வைத்திருக்கிறது என்றாள். இந்த மீன் ஏரிப்பாசியில்தான் முட்டையிடும், உப்பளச் சேற்றில் இடாது. ஐப்பசி மழைக்குள் ஏரியில் விடாவிட்டால் முட்டையோடு செத்துப்போகும், அதோடு உலகத்திலேயே முடிந்தது. ஏரியில் விட வேண்டுமானால் இரண்டு காரியம் ஆக வேண்டும். ஜிலேபிக் கெண்டை ஒழிய வேண்டும், அப்பாவுவின் கால்வாயை அடைக்க வேண்டும். இரண்டும் ஆகிற காரியமில்லை என்று சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாக்கியலட்சுமி அன்றைக்கு இருட்டும்வரை பாத்தி ஓரத்தை விட்டு நகரவில்லை. தன் மூக்கை நினைத்தா, அந்தச் சின்ன வயிற்றை நினைத்தா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதல் காரியத்தை அவள் மறுநாள் காலையிலேயே முடித்துவைத்தாள். வரிசையில் நின்ற அறுபது கரண்டிகளிடமும், இனிமேல் ஜிலேபிக் கெண்டைக் குழம்பாக இருந்தால் மட்டும்தான் உப்பு பார்ப்பேன், சாம்பார், ரசம், கருணைக்கிழங்கு எதுவும் இந்த வாசலுக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஊர் முணுமுணுத்தது. இரண்டு நாள் உப்புப் பார்க்காத சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வலையும் கூடையுமாக ஏரியில் இறங்கியது. அறுபது வீட்டிலும் மூன்று வேளையும் ஜிலேபி. குழம்பு, வறுவல், புட்டு, மிஞ்சியதைக் கருவாடு. ஐயர் வீடு ஒன்று இருந்தது, அவர்கள் குழம்பு வைக்காமல் மீனைப் பிடித்து மட்டும் கொடுத்தார்கள். உப்பு ஏறிய தண்ணீரிலும் ஜாம்ஜாமென்று வாழ்ந்த ஜிலேபிக் கெண்டை, புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமையோடு ஊத்தேரியில் பூண்டோடு ஒழிந்தது. அதற்குப் பிறகு ஓடைமேட்டில் யாருக்காவது ஜிலேபி என்று இனிப்பைக் கொடுத்தால்கூடக் கையை இழுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது காரியம் ஒரு தப்பால் முடிந்தது. ஆனி மாசமே பெண்கள் சேர்ந்து மனு எழுதும் சடையப்பனிடம் ஒரு மனு எழுதச் சொல்லியிருந்தார்கள். சடையப்பன் கையெழுத்து நன்றாக இருக்கும், விளக்கம் கொஞ்சம் குறைவாக இருக்கும். "எங்கள் ஊரில் மூக்கு தூர்ந்துவிட்டபடியால் அறுபது குடும்பங்கள் உப்பினால் அவதிப்படுகிறோம், ஐயா அவர்கள் ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதி, அறுபது கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்துவிட்டு வந்தான். வாங்கிப் படித்த அலுவலருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தூர்ந்துபோவது குளம், குட்டை, ஏரி. தூர்ந்தால் தண்ணீர் உப்பாகும். ஆகவே மூக்கு என்று ஒரு நீர்நிலை இருக்கிறது, அதைத் தூர்வார வேண்டும். காகிதம் இரண்டு மேஜை ஏறி இறங்கியது. ஒருவர் நேரில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார், இன்னொருவர் அவர் பார்த்ததைத் தானும் பார்த்ததாகப் போட்டார். ஆவணியில் ஓர் இன்ஜினியர் அளவெடுக்க டேப்போடு வந்து இறங்கினார். மூக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவர் கேட்ட ஒவ்வொருத்தியும் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். அவருக்கு விஷயம் விளங்க அரை மணி நேரம் ஆனது. விளங்கிய பிறகு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேர் பார்த்துவிட்டதை இல்லை என்று அவர் எப்படி எழுதுவார். மோர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து, அறுபது மூக்கையும் அளந்தார். சிறு நீர்நிலைகள் அறுபது, அனைத்தும் தூர்ந்த நிலையில், வாரும் மண்ணை அருகிலுள்ள பள்ளத்தில் கொட்டவும் என்று எழுதிக்கொண்டு போனார். நேர்மையான மனுஷன், ஒரு மூக்கைக்கூடக் கூட்டி எழுதவில்லை.

புரட்டாசிக் கடைசியில் பொக்லைன் வந்தது. ஓட்டிவந்த ராஜ்கமலுக்கு மூன்று நாள் வேலை, இடம் மூக்கு, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கூடி நின்ற பெண்கள் மிஷினின் பல்லைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பாக்கியலட்சுமிதான் முன்னே போனாள். "ஏம்பா, மூக்குன்னா மனுசனுக்கு மட்டுமா இருக்குது? ஏரிக்கும் இருக்குது, வா காட்டுறேன்" என்று வடகரைக்கு அழைத்துப் போனாள். ஏரியின் வடக்கு மூலையில் வண்டல் சேர்ந்து மேடிட்டு, தண்ணீருக்குள் மூக்குபோல நீட்டிக்கொண்டிருந்தது உண்மை. ராஜ்கமல் அதை வார ஆரம்பித்தான். வாரிய மண்ணை எங்கே கொட்டுவது என்று ஆர்டரைப் பார்த்தான். அருகிலுள்ள பள்ளம். இருபதடியில் இருந்த பள்ளம் அப்பாவுவின் கால்வாய்தான். சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து, கை கழுவாமல் அப்பாவு ஓடிவந்தான். ராஜ்கமல் ஆர்டரை நீட்டினான். அதில் முத்திரை இருந்தது, இரண்டு பேர் நேரில் பார்த்த கையெழுத்து இருந்தது, பின்னால் இணைத்திருந்த மனுவில் ஏழாவது கையெழுத்து அப்பாவு சம்சாரத்துடையது. எரியும் கொள்ளியால் தானே தலையைச் சொறிந்துகொண்ட மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு. மூன்று நாளில் கால்வாய் மேடாகிவிட்டது. தை பிறக்கட்டும், திரும்ப வெட்டிக்கொள்கிறேன் என்று அவன் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனான்.

ஐப்பசி ஐந்தாம் தேதி பிடித்த மழை ஒன்பது நாள் பெய்தது. ஏரி நிரம்பி, அதிலிருந்த உப்பெல்லாம் உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழியாக வழிந்து போனது. பத்தாம் நாள் நிவேதா தண்ணீரைச் சோதித்துவிட்டு நல்ல தண்ணி என்றாள். பாக்கியலட்சுமி அவள் சொன்னதோடு விடாமல் தானும் ஒரு கை குடித்துப் பார்த்தாள். பிறகு பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு பதினாலாம் பாத்திக்குப் போனாள். வலைக்குச் சிக்காத மீன், குடத்தைத் தண்ணீரில் சாய்த்ததும் தானே உள்ளே வந்தது. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க, அறுபது பெண்களும் பின்னால் வந்தார்கள். சாலையைக் கடக்கும்போது டீக்கடைக்காரர் இறங்கிவந்து கையைக் காட்டி லாரியை நிறுத்தினார். ஏரியில் முழங்கால் ஆழத்தில் நின்று அவள் குடத்தைக் கவிழ்த்தாள். உள்ளே போனது ஒரு மீன். வெளியே வந்தது இரண்டு. ஒன்றுக்குப் பொன்புள்ளி இருந்தது, ஒன்றுக்கு இல்லை. ஆண் மீன் எப்போது எங்கே ஏறியது என்று நிவேதா திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆம்பளை எப்ப வந்தான், எப்ப போனான்னு யாரு கணக்கு வெச்சிருக்கா என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இரண்டும் பாசிக்குள் போய்விட்டன.

மார்கழி ஏழாம் தேதி காலையில் மூக்குகள் திறந்தன. முதலில் அறுபது பெண்களுக்கும் திறந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மூக்குத்தியைத் தேடி உள்ளே ஓடினார்கள், விஜயலட்சுமி குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்து மூக்கு நிலைக்காமல் போயிருந்த பெண்பிள்ளைகளுக்குத் திறந்தது. பொன்புள்ளி வந்த மீன் குஞ்சுகள் இன்னும் மிச்சம் இருந்தன, ஜிலேபி இல்லாததால் ஒன்றுகூட வீணாகவில்லை. ஊரில் பெண்கள் தீர்ந்துபோகவே, பதினொரு மணிக்கு மேல் ஆண்களுக்குத் திறக்க ஆரம்பித்தது. டீக்கடைக்காரருக்குத் திறந்தது, சடையப்பனுக்குத் திறந்தது. தட்சணாமூர்த்திக்கு முகம் துடைக்கும்போது துண்டின் நூல் மாட்டியது. அப்பாவுவுக்கு வலது, இடது இரண்டு பக்கமும் திறந்தது. இரண்டு மீன் அவன் பொறுப்பில் வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் வந்தால் மீன் சாகும், மீன் செத்தால் உப்பு தெரியாது, உப்பு தெரியாவிட்டால் இறால் தொக்கும் வெறும் ரப்பர்தான். தை பிறந்தது, அவன் கால்வாயை வெட்டவில்லை. பண்ணையை மூடிவிட்டு மேட்டின் மேல் வாழை வைத்தான்.

அதே மார்கழி ஏழாம் தேதி காலையில் பாக்கியலட்சுமியின் மூக்கு தூர்ந்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவளின் மூக்குத்தி கிண்ணத்தில் விழுந்தது. மீன் முட்டையிட்டு முடித்து, குஞ்சுகள் தலையெடுக்கும்வரை இருந்துவிட்டு, அன்றைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் கஞ்சியை இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். வெறும் சுடுதண்ணீர். தெரு முழுக்கச் சந்தோஷக் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது, மீனை நினைத்தால் அழுகையும் வந்தது. கலியன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மறுநாள் காலையில் கரண்டி எடுத்துக்கொண்டு யாரும் வரவில்லை. வர வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அவள் பழக்கத்தில் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, மூக்குத்தியை ஏரியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அவளுக்குப் புதுசாக மூக்கு குத்திவிடுகிறேன் என்று பத்தர் ஊருக்கே திரும்பி வந்து சொன்னார். தன் மீன் ஒன்றுதான், அது முடிந்தது என்று சொல்லி அவள் அனுப்பிவிட்டாள்.

பதினாலாம் பாத்தியில் அதற்குப் பிறகும் உப்பு விளையவில்லை. உப்பளத்து ஆட்கள் எல்லாருக்கும் இப்போது அதுதான் குடிதண்ணீர். அடுத்த மாசியில் உப்பு வாரத் தொடங்கிய முதல் நாள், மத்தியானம், பாக்கியலட்சுமி வரப்பில் உட்கார்ந்து சோற்றுத் தூக்குவாளியைத் திறந்தாள். கண்ணளவில் உப்பு போட்டு வைத்த கத்திரிக்காய்க் குழம்பு. தட்சணாமூர்த்தி வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். மூக்கில் வேப்பங்குச்சி செருகியிருந்தது, மூக்குத்தி போடும்வரை அதுதான் முறை. இத்தனை வருஷத்தில் வேலையாளின் தூக்கில் கைவைத்திராத மனுஷன், குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழம்பில் ஒரு விரலைத் தொட்டு நக்கினார்.

"சரியா இருக்குதுங்களா மொதலாளி?" என்று அவள் கேட்டாள்.

சம்சாரத்திடம் இருபத்தாறு வருஷமாக நல்லா இருக்குது என்று மட்டுமே சொல்லிவந்தவர் அவர். இன்னொரு முறை தொட்டு நக்கினார்.

"இல்லம்மா. ஒரு கல்லு கம்மி."

கை நீட்டிப் பதிமூன்றாம் பாத்தியிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து, ஊதி, அவள் குழம்பில் போட்டுக் கலக்கிவிட்டார். பதினாலாம் பாத்தியில் கை கழுவி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றையிலிருந்து தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு வருகிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவு வருகிறான்.